தாசனின் உயர்வு



பழைய நூலொன்றின் சொல், பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த நூலில் புதுப்பொருள் பெற்று விளங்குதல் உண்டு. விவிலியத்திலிருந்து அத்தகைய சொல் ஒன்றை இன்று எடுத்துரைக்க விழைகிறேன். 'உயர்த்துதல்' என்பதே அச்சொல்.

எபிரேயத் தீர்க்கதரிசி ஏசாயாவின் பெயரால் வழங்கும் நூலில், 52ஆம் அதிகாரத்தின் இறுதியிலும் 53ஆம் அதிகாரத்திலும் பெயர் கூறப்படாத தாசன் ஒருவன் வருகிறான். அவன் புறக்கணிக்கப்படுகிறான், பிறர் குற்றத்தைச் சுமக்கிறான், வாய் திறவாது மாள்கிறான். ஆயினும், அப்பகுதி தொடங்குவது அவன் துன்பத்தைக் கொண்டன்று; அவன் அடையப்போகும் உயர்வைக் கொண்டே தொடங்குகிறது. அங்கு உயர்வைக் குறிக்கும் எபிரேயச் சொற்களுள் இரண்டு, முன்னர் 6ஆம் அதிகாரத்தில், அரியணையில் வீற்றிருக்கும் ஆண்டவரின் காட்சியில் வந்தவை. அரியணைக்குரிய சொற்கள் அடிபட்ட தாசனுக்கு வழங்கப்பெற்றது வியப்பன்றோ?

இப்பகுதியைக் கிறிஸ்தவர்கள் பின்னாளில் சேர்த்தனரோ என்று ஐயுற வேண்டா. சாக்கடலருகே கும்ரான் குகையில் 1947இல் வெளிப்பட்ட ஏசாயாச் சுருள், இயேசு பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முற்பட்டது என்பது அறிஞர் முடிபு. அதில் இப்பகுதி உள்ளது.

இனி, இயேசுவின் சீடர்களது நிலையை எண்ணிப் பாருங்கள். சிலுவை என்பது ரோமப் பேரரசில் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விதிக்கப்பட்ட இழிவான தண்டனை. அதில் மாண்டவரை, அபிஷேகம் பெற்ற அரசராகிய மேசியா என்று எங்ஙனம் கூறுவது?

புதிய ஏற்பாடு இதற்கு இருவகையில் விடை தருகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் பேதுரு 110ஆம் சங்கீதத்தைச் சுட்டுகிறார். ஆண்டவரின் வலப்பக்கத்தில் அமர அழைக்கப்பட்டவர் தாவீது அல்லர். உயிர்த்தெழுந்த இயேசுவே என்பது அவர் வாதம். இங்கே இழிவு முதலில் வருகிறது. உயர்வு அதனைத் தொடர்கிறது. பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரமும் இவ்வரிசையிலேயே செல்கிறது.

யோவானோ ஒரு படி மேலே செல்கிறார். ஏசாயாவின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், தாசனைக் குறித்து உயர்த்துதல், மகிமைப்படுத்துதல் என்னும் இரு வினைகள் வருகின்றன. யோவான் இவ்விரண்டையும் சிலுவை மரணத்திற்கே வழங்குகிறார். மரத்தில் உடலைத் தூக்குவதும் உயர்த்துதலே; மாண்பில் ஏற்றுவதும் உயர்த்துதலே. நம் தமிழ்ச் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்குவதால், அவர் கருத்து நமக்கு எளிதில் விளங்கும். மேலும், தம் நூலின் 12ஆம் அதிகாரத்தில் ஏசாயாவின் 53ஆம், 6ஆம் அதிகாரங்களை அடுத்தடுத்து எடுத்துக்காட்டி, தீர்க்கதரிசி கண்டது இயேசுவின் மகிமையே என்று முடிக்கிறார். அவருக்குச் சிலுவையே அரியணை.

இத்தாசன் இஸ்ரவேல் மக்களே என்று கொள்ளும் யூத மரபும் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி அவ்வாறே கொண்டார். நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில், தேரில் அமர்ந்து இப்பகுதியைப் படிக்கும் எத்தியோப்பிய அலுவலர் ஒருவர், தீர்க்கதரிசி கூறுவது தம்மைப் பற்றியா, வேறொருவரைப் பற்றியா என்று பிலிப்புவிடம் வினவுகிறார். நல்ல மாணவனின் வினா அது.

விடை எதுவாயினும், தோல்வியுற்றவன் உயர்த்தப்படுவான் என்னும் துணிவு ஏசாயாவின் ஏட்டில் முன்னரே இருந்தது. சிலுவையால் கலங்கியோர் தம் துயரின் பொருளை அதில் கண்டனர். நீங்களும் ஏசாயாவை முதலிலும் யோவானைப் பின்னரும் வைத்துப் படித்துப் பாருங்கள்.