பனிமலையில் ஒரு பயிற்சிக்கூடம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர்பெற்ற மலையூர் ஒன்றில் மருத்துவர்களுக்குக் கல்வி மாநாடு என்றவுடன் கேட்பவர் இதழோரத்தில் ஒரு புன்னகை அரும்பும். படிக்கப் போகிறார்களா, சறுக்கப் போகிறார்களா என்பதே அப்புன்னகையின் பொருள். அந்த ஐயம் வெறும் பொறாமையில் பிறந்ததன்று. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடைபெறும் இத்தகைய மாநாடுகள் பலவற்றின் நிகழ்ச்சி நிரலே அதற்குச் சான்று கூறும். விடிந்ததும் விடியாததுமாகச் சில சொற்பொழிவுகள். பொழுது சாய்ந்தபின் மீண்டும் சில சொற்பொழிவுகள். இடைப்பட்ட பகல் முழுவதும் மலைச்சரிவுக்கே உரியது. செலவை மருந்து நிறுவனமோ கருவி நிறுவனமோ ஏற்றுக்கொண்ட காலமும் உண்டு.

எனினும் இத்தகைய ஊர்களுள் ஒன்றன் வரலாறு அந்தப் புன்னகையைச் சற்றே நிறுத்தி வைக்கிறது. அங்கு மருத்துவமும் பனிச்சறுக்கும் தற்செயலாகச் சந்தித்தவை அல்ல. ஒன்று மற்றொன்றை வளர்த்தது. ஒன்றன் காயத்தை மற்றொன்று ஆற்றியது. அவ்வூர் சுவிட்சர்லாந்தின் கிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் அமைந்த டாவோஸ்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது மாடு மேய்ப்போர் வாழ்ந்த பள்ளத்தாக்கு. 1853இல் அலெக்சாந்தர் ஸ்பெங்லர் என்னும் ஜெர்மானியர் அங்கு மருத்துவராக வந்தார். 1848-49ஆம் ஆண்டுப் புரட்சியில் பங்கு கொண்டு, நாடு விட்டு ஓடி வந்து, சூரிச்சில் மருத்துவம் பயின்றவர் அவர். அப்பள்ளத்தாக்கில் காசநோய் அரிதாக இருப்பதைக் கண்டு, மலைக்காற்றே மருந்து எனக் கருதினார். 1865ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் முதல் நோயாளிகள் வந்தனர். வில்லெம் யான் ஹோல்ஸ்புவர் என்னும் டச்சுக்காரரின் துணையோடு 1868இல் சிகிச்சை விடுதி எழுந்தது. 1890இல் ரயில் பாதையும் டாவோஸை எட்டியது. மாட்டுக் கொட்டில்கள் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகச் சானடோரியங்கள் எழுந்தன.

அங்கு அளிக்கப்பட்ட மருத்துவம் படுத்திருத்தல். கம்பளியால் உடலைச் சுற்றிக்கொண்டு, வெயில் விழும் மாடத்தில், சாய்வு நாற்காலியில், நாளுக்குப் பல மணி நேரம் அசையாது கிடத்தல். வாரங்கள் மாதங்களாகும், மாதங்கள் ஆண்டுகளாகும். தாமஸ் மான் 1912இல் அங்கு சிகிச்சை பெற்றுவந்த மனைவியைக் காணச் சென்று மூன்று வாரம் போலத் தங்கினார். அவருக்கும் நுரையீரலில் கோளாறு இருப்பதாகக் கண்ட மருத்துவர், ஆறு திங்கள் தங்குமாறு அறிவுறுத்தினார். மான் தங்கவில்லை, ஊருக்குத் திரும்பி எழுதத் தொடங்கினார். 1924இல் வெளிவந்த ‘மாய மலை’ என்னும் நாவல் அதன் பயன். அதன் நாயகனோ மூன்று வாரம் தங்க வந்து ஏழு ஆண்டு தங்கிவிடுகிறான்.

அம்மலையூரில் படுத்திருந்தவர்கள் மட்டும் வாழவில்லை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் நோயாளியாக வந்து தங்கி, ‘புதையல் தீவு’ நாவலை முடித்தது அங்கேதான். காசநோயுற்ற மனைவியை அழைத்து வந்த ஆர்தர் கானன் டாயில், மருத்துவரும் எழுத்தாளருமாக இருந்ததோடு சறுக்கு வீரராகவும் மாறினார். 1894 மார்ச்சில் உள்ளூர்ச் சகோதரர் இருவரைத் துணைகொண்டு, மலைக் கணவாய் கடந்து டாவோஸிலிருந்து அரோசாவுக்குச் சறுக்குப் பலகையிலேயே சென்றார். அதே ஆண்டில் அப்பயணத்தைக் கட்டுரையாகவும் எழுதினார். ஆங்கிலேயர் பலருக்கு அவ்விளையாட்டில் ஆர்வம் ஊட்டிய எழுத்து அது. நோயாளியைக் காண வந்தவர்கள் பொழுதுபோக்கத் தொடங்கிய விளையாட்டு, மெல்ல மெல்ல ஊரின் மற்றொரு தொழிலாயிற்று. 1934 டிசம்பரில் சறுக்குவோரைக் கயிற்றால் மேலே இழுத்துச் செல்லும் பொறியும் அங்கு நிறுவப்பெற்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சானடோரியங்கள் வெறுமையாயின. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், 1952இல் ஐசோனியசிட் என மருந்துகள் வந்தபின், காற்றும் கம்பளியும் தம் செல்வாக்கை இழந்தன. இந்த மாற்றத்திற்கு அறிவியல் முத்திரை இட்ட நகரங்களுள் தலையாயது சென்னை. தாம்பரம் சானடோரியம் என்னும் ரயில் நிலையப் பெயரில் இன்றும் அப்பழைய மருத்துவமுறையின் நினைவு தங்கியிருக்கிறது. அதே சென்னையில் 1956இல் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு மையம் ஓர் எளிய வினாவை எழுப்பியது. நெருக்கடியான குடிசையில், போதிய உணவின்றி வாழும் ஏழை நோயாளி, சானடோரியத்தில் நல்லுணவோடு படுத்திருப்பவரைப் போலவே மருந்தால் குணமடைவாரா என்பதே அது. 1959இல் வெளியான விடை, ஆம் என்பது. வீட்டில் ஓராண்டு மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் மருந்துண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்த சுற்றத்தாருக்கும் அதனால் நோய் மிகுதியாகத் தொற்றிவிடவில்லை. ஒரு நூற்றாண்டுக்காலம் மலையேறி நோயாளிகள் தேடியதைக் குடிசையிலேயே பெறலாம் என்று காட்டிய ஆய்வு அது.

படுக்கைகள் காலியான மலையூர் என்ன செய்யும்? சானடோரியங்கள் பலவும் விடுதிகளாயின. 1969இல் மாநாட்டு மண்டபமும் திறக்கப்பெற்றது. ஆனால் அதற்கு முன்பே, வேறொரு வகை நோயாளியால், வேறொரு வகை மருத்துவக் கல்வி அங்கு கால்கொண்டிருந்தது. அந்த நோயாளி, கால் முறிந்த சறுக்காளர்.

அக்காலச் சறுக்குப் பலகைகளில் பாதம் இறுகக் கட்டப்பட்டிருக்கும். விழும்போது பலகை ஒரு பக்கம் திரும்பும். உடல் மறுபக்கம் திரும்பும். இடையில் கணைக்கால் எலும்பு முறுக்கி ஒடியும். ஒடிந்த காலுக்கு அன்றைய மருத்துவம் எடை கட்டி இழுத்தலும் மாவுக்கட்டும். பல வாரம் அசையாது கிடந்தபின் எலும்பு கூடும். மூட்டோ விறைத்துப்போகும், தசை சூம்பிப்போகும். நடக்க வேண்டியவன் நொண்டியாவான். நுரையீரல் நோயாளிக்கு விதிக்கப்பட்ட அசையாமையே எலும்பு முறிந்தவனுக்கும் விதிக்கப்பட்டது. ஒருவன் காற்றை நம்பிக் கிடந்தான். மற்றவன் காலத்தை நம்பிக் கிடந்தான்.

இதை மாற்ற முனைந்தவர்கள் சுவிஸ் அறுவை மருத்துவர்கள் சிலர். மாரிஸ் முல்லர் 1950இல் பெல்ஜிய அறுவை மருத்துவர் ராபர்ட் டானிஸைச் சந்தித்து, முறிந்த எலும்பைத் தகட்டாலும் திருகாணியாலும் இறுகப் பிணைத்து, உடனே மூட்டை அசைக்கவிடும் முறையைக் கண்டுவந்தார். பனிச்சறுக்கு ஊர்கள் நிறைந்த அதே மாநிலத்தின் தலைநகரான கூர் நகரில் மருத்துவமனைப் பணியிலிருந்த மார்ட்டின் ஆல்கோவர், ஹான்ஸ் வில்லனெக்கர், ராபர்ட் ஷ்னைடர் முதலியோர் அவரோடு சேர்ந்தனர். 1958 நவம்பர் 6ஆம் நாள் பீல் நகரில் பதின்மூவர் கூடி ஒரு குழுவை அமைத்தனர். ஏ.ஓ. என்னும் ஈரெழுத்துப் பெயரால் அது உலகெங்கும் அறியப்பெற்றது. ராபர்ட் மாத்திஸ் என்னும் கருவி வினைஞர் அவர்களுக்குத் தகடுகளும் திருகாணிகளும் செய்து கொடுத்தார். 1959இல் டாவோஸில் ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1960 டிசம்பரில் அதே ஊரில் முதல் பயிற்சி வகுப்பு நடைபெற்றது.

அந்த வகுப்பின் சிறப்பு அதன் சொற்பொழிவுகளில் இல்லை, மேசைகளில் இருக்கிறது. சொற்பொழிவு முடிந்ததும் மருத்துவர்கள் மேசையைச் சூழ்ந்து நின்றனர். ஒவ்வொரு மேசையிலும் எலும்பும், துளைக்கருவியும், திருகாணியும், தகடும். துளையிட வேண்டும், ஆழம் அளக்க வேண்டும், மரை வெட்ட வேண்டும், திருகாணியை எவ்வளவு இறுக்குவது, எங்கு நிறுத்துவது என்பதை விரல்களே அறிய வேண்டும். தொடக்கத்தில் இறந்தோரின் எலும்புகள். பிற்காலத்தில் செயற்கை எலும்புகள். தச்சுப் பட்டறையில் பையன்கள் பழகுவதுபோல, தத்தம் மருத்துவமனையில் தலைவர்களாக விளங்கியவர்கள் அங்கு மாணாக்கராயினர். மனிதன்மீது செய்யுமுன் மேசைமீது தவறு செய்ய அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. புகழ்பெற்ற மருத்துவர் ஒருவர் பிறர் பார்க்கத் துளையைக் கோணலாக இடுவதும், பிறர் திருத்த மீண்டும் இடுவதும் எளிய செயல்கள் அல்ல. ஊரில் அவரைத் திருத்துவார் இலர். மலையேறி வந்ததன் பயன்களுள் இதுவும் ஒன்று.

மற்றொரு ஒழுங்கும் அக்குழுவுக்கு இருந்தது. செய்த அறுவை ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே படத்தோடு பதிவு செய்ய வேண்டும். ஏறத்தாழ நான்கு திங்கள் கழித்தும் ஓராண்டு கழித்தும் விளைவைப் பதிய வேண்டும். நல்ல விளைவை மட்டும் நினைவில் வைத்துத் தோல்வியை மறக்கும் மனித இயல்புக்கு அது ஒரு கடிவாளம். எலும்பை அறுத்துத் திறப்பது சீழ்பிடிக்கச் செய்யும் என எதிர்த்த பெரியோரும் அன்று இருந்தனர். அவர்களுக்கு விடையாக அமைந்தவை அப்பதிவுகளே.

அப்பதிவுகளும் ஆய்வுகளும் பின்னாளில் குழுவினர்க்கே எதிராகச் சான்று கூறின. எலும்புத் துண்டுகள் அனைத்தையும் துல்லியமாகப் பொருத்தி இறுக்க வேண்டும் என்பது தொடக்ககாலப் போதனை. ஆனால் தகடு அழுத்திய இடத்தில் எலும்பின் இரத்த ஓட்டம் குன்றுவதும், துண்டுகளைத் தேடித் திசுக்களைப் பிரிப்பதால் எலும்பு கூடுவது தாமதமாவதும் தெரியவந்தன. எலும்பை எந்திரமாகக் கருதாமல் உயிருள்ளதாகக் கருத வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. தகட்டின் வடிவமே மாறியது, போதனையும் மாறியது. தாம் கற்பித்ததைத் தாமே திருத்திக் கற்பிக்கும் துணிவு அந்த மேசைகளுக்கு இருந்தது. சறுக்காளரின் காயமும் மாறிவிட்டது. விழும்போது தாமே கழன்றுகொள்ளும் பிணைப்புகள் வந்தபின் கணைக்கால் முறிவு குறைந்தது. முழங்கால் நார்க் கிழிவு முன்னே வந்தது. முடிந்த முடிபு என எதையும் அம்மலை விட்டுவைக்கவில்லை.

இனி, தொடக்கத்தில் கண்ட புன்னகைக்குத் திரும்பலாம். தகட்டைப் பயன்படுத்தக் கற்பிப்பவருக்கும் தகட்டை விற்பவருக்கும் உள்ள உறவு இங்கும் உண்டு. நிறுவனர்கள் தம் கண்டுபிடிப்புகளின் வருவாயைத் தனியே எடுத்துக்கொள்ளாமல், ஆய்வுக்கும் கல்விக்கும் செல்லுமாறு ஏற்பாடு செய்தனர். அது பெருந்தன்மை. எனினும் விற்பனை வளர்ந்தால்தான் கல்வியும் வளரும் என்னும் நிலையில் ஓர் இடர் மறைந்தே இருக்கும். ஐரோப்பிய மருத்துவக் கருவி நிறுவனங்களின் கூட்டமைப்பு, மருத்துவர்களை மாநாட்டுக்கு நேரடியாகச் செலவு செய்து அனுப்பும் வழக்கத்தை 2018 முதல் கைவிட்டது. இந்தியாவில், மருந்து நிறுவனத்தின் செலவில் மாநாட்டுக்குப் பயணம் செய்வதை மருத்துவக் குழுமத்தின் 2009ஆம் ஆண்டு விதித் திருத்தம் மருத்துவர்களுக்குத் தடை செய்தது. இவ்விதிகள் தேவையானவை. நோயாளி அறியாத ஒரு கணக்கு, அவன் உடலில் செலுத்தப்படும் மருந்திலோ தகட்டிலோ எழுதப்படக் கூடாது.

ஆகவே வேறுபாடு மலையில் இல்லை. அதே பனி, அதே சரிவு, அதே விடுதி. ஒரு மாநாட்டிலிருந்து திரும்பும் மருத்துவர் சான்றிதழோடு வருகிறார். மற்றொன்றிலிருந்து திரும்பும் மருத்துவர் தம் கை எங்கே தவறியது என்னும் அறிவோடு வருகிறார். அடுத்த வாரம் அவர் முன் படுத்திருப்பவன், தன் மருத்துவர் எந்த மாநாட்டுக்குச் சென்றார் என்று அறியான். அவன் பிற்காலத்தில் நடக்கும் நடையே அதற்கு விடை.

கவிஞர் கூடும் வட்டத்தில் இதனைக் கூறக் காரணம் உண்டு. கவிதை வாசிக்கும் மேடைகள் நாட்டில் மிகுதி. கைதட்டலும் மாலையும் அங்கே கிடைக்கும். கவிதையை நடுவில் வைத்து, இச்சொல் கோணல், இவ்வடி மிகை, இங்கே உயிரோட்டம் நின்றுவிட்டது என்று ஒருவருக்கொருவர் காட்டும் மேசைகள் மிகக் குறைவு. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிலைத்திருப்பது மேடையால் அன்று, அத்தகைய மேசையால். அங்குப் புகழ்பெற்ற கவிஞரும் கன்னிக் கவிஞரும் ஒரே பலகையின் முன் நிற்பர். வெற்றிபெற்ற கவிதையோடு தோற்ற கவிதையும் பதிவேட்டில் இடம் பெறும். நேற்றுச் சொன்னது தவறு என்று இன்று சொல்ல ஒருவருக்கும் நாணம் இராது.

அந்த மேசை இவ்வட்டத்தில் நிலைபெறுக. அடுத்த பத்தாண்டும் அதனைச் சூழ்ந்தே வளர்க.