விருது ஒரு விலாசம்

(தலைப்பு: சேவை செய்கிறவர்களுக்கு விருது தேவையா, தேவையில்லையா? ‘தேவையே’ என்ற அணியில் பேசியது.)

நான் காட்பாடியிலிருந்து வந்திருக்கேன்.

எனக்கு முன்னால பேசின சார் என்ன சொன்னார்? உண்மையா சேவை செய்யறவன் விருதை எதிர்பார்க்க மாட்டான், அதனால விருதே வேண்டாம்னார். ரொம்ப சரி சார். உங்க வீட்டு அம்மாகூட நீங்க பாராட்டுவீங்கன்னு எதிர்பார்த்து சாம்பார் வைக்கலை. அதுக்காக முப்பது வருஷமா ஒரு நாள்கூட ‘நல்லாயிருக்கு’ன்னு சொல்லாம, கையைக் கழுவிட்டு எழுந்து போறது நியாயமா? (சிரிப்பு, கைதட்டல்) எதிர்பார்க்காதது அவங்க பெருமை சார். கொடுக்காதது நம்ம சிறுமை!

நான் எல்லாச் சேவையையும் இழுத்துப் போட்டுப் பேசப் போறதில்லை. ஒரே ஒரு துறை. கை முடங்கினவங்க, கால் இழந்தவங்க, முதுகெலும்பு அடிபட்டுப் படுத்துட்டவங்க, இவங்களை மறுபடி எழுப்பி வாழவைக்கிற மறுவாழ்வு மருத்துவ ஆராய்ச்சி. இதயத்தை மாத்தி வச்சா மறுநாள் பேப்பர்ல டாக்டர் போட்டோ வருது. மடங்கிப்போன அஞ்சு விரலை நிமிர்த்தி, ஒருத்தன் தன் கையால சோறு பிசைஞ்சு சாப்பிட வச்சா யார் போட்டோ போடறாங்க?

எங்க ஊர்ப் பக்கத்துக் கதையிலேருந்து வர்றேன். டாக்டர் பால் பிராண்ட். பேரைக் கேட்டா வெள்ளைக்காரர்; பிறந்தது 1914ல் நம்ம கொல்லிமலையில! இங்கிலாந்துக்குப் போய் முதல்ல கத்துக்கிட்டது கட்டட வேலையும் தச்சு வேலையும். அதுக்கப்புறம்தான் மருத்துவம். 1946ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார்.

அப்போ தொழுநோய் வந்தா விரல் அழுகித் தானா விழுந்துடும்னு டாக்டர்களே நம்பிக்கிட்டிருந்த காலம். ஒரு நாள் துருப்பிடிச்ச பூட்டு ஒண்ணு. இவர் எவ்வளவு திருகியும் சாவி திரும்பலை. பத்து வயசு இருக்கும், ஒரு நோயாளிப் பையன் வந்து ஒரே திருகு, திறந்துட்டான். கீழே பார்த்தா ரத்தம்! சாவி அந்தப் பிள்ளையோட விரலை எலும்பு தெரியற அளவுக்குக் கிழிச்சிருக்கு. பிள்ளை முகத்துல ஒரு சுளிப்பு கிடையாது. அவனுக்கு வலிக்கவே இல்லை!

தாய்மார்களே, நம்ம குழந்தைக்கு ஊசி போட்டா அது அழறதைப் பார்த்து நம்ம கண்ணு கலங்குது. அழாத பிள்ளையைப் பார்த்து அந்த டாக்டர் பதறிப் போனார். நரம்பு செத்துப்போச்சு, வலி போச்சு, காயம் பட்டாலும் தெரியலை. புண்ணு மேல புண்ணு பட்டுத்தான் விரல் போகுது. ராத்திரி தூங்கும்போது எலி வந்து விரலைக் கடிச்சாக்கூட எழுந்திருக்க மாட்டாங்க. அதைக் கண்டுபிடிச்சு நோயாளிங்களுக்குப் பூனை கொடுத்து வளர்க்கச் சொன்னாங்க. பூனையும் ஒரு சிகிச்சை, பாருங்க! பாதத்துல புண் வராம இருக்க மெத்துன்னு ஒரு ரப்பர்ல செருப்பு செஞ்சாங்க. எம்.சி.ஆர். செருப்புன்னு இன்னிக்கும் சொல்றோமே, அது. வேலை செய்யற தசையோட நாணை எடுத்து, முடங்கின விரலுக்கு மாத்தித் தைச்சு விரலை நிமிர்த்தினார். 1960ல் லாஸ்கர் விருது கிடைச்சது, 1961ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தோட சி.பி.இ. பட்டம். ஊரே தொட பயந்த கையைத் தொட்டவருக்கு உலகம் எழுந்து நின்னு வணக்கம் சொல்லுச்சு. அந்த வணக்கத்துல பாதி நோயாளிக்கும் சேர்ந்ததுன்னு நான் சொல்றேன்.

அவர்கிட்டே வேலை பார்த்த ஒரு டாக்டரம்மா. மேரி வர்கீஸ். கேரளத்துப் பொண்ணு, படிச்சது வேலூர்ல. 1954 ஜனவரியில கார் விபத்து. முதுகெலும்பு போச்சு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. வயசு முப்பதுகூட ஆகலை. நம்ம சனம் என்ன சொல்லும்? “ஐயோ பாவம், படிச்ச பொண்ணு, இப்படி ஆயிடுச்சே”ன்னு உச்சுக் கொட்டும். அந்தம்மா சக்கர நாற்காலியில உட்கார்ந்தபடியே தொழுநோயாளிங்க கையில ஆபரேஷன் செஞ்சாங்க! நியூயார்க்குக்குப் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சு, 1963ல் திரும்பி வந்து வேலூர்ல அந்தத் துறைக்கே தலைமை ஏத்தாங்க. 1966ல் மறுவாழ்வு நிலையம் திறந்தாங்க. 1972ல் பத்மஸ்ரீ. ‘பாவம்’னு சொன்ன வாயெல்லாம் அன்னிக்கு ‘பத்மஸ்ரீ’ன்னு சொல்லணும்! (பலத்த கைதட்டல்)

இப்போ எதிரணி சார் கேட்கலாம்: இதனால நோயாளிக்கு என்னம்மா லாபம்னு. சொல்றேன்.

1981ல் திருச்சிப் பக்கம் ஒரு பஸ் விபத்து. பரதநாட்டியம் ஆடிக்கிட்டிருந்த ஒரு சின்னப் பொண்ணுக்கு வலது கால் போயிடுச்சு. சுதா சந்திரன், உங்களுக்கெல்லாம் தெரிஞ்சவங்கதான். கால் இல்லாம அந்தப் பொண்ணு வீட்ல இருந்தப்போ ஒரு பத்திரிகையில ஒரு செய்தி படிக்கிறாங்க. ஜெய்ப்பூர்ல டாக்டர் பி.கே. சேத்தின்னு ஒருத்தர் செயற்கைக் கால் செய்யறார், அவருக்கு மகசேசே விருது கொடுத்திருக்காங்கன்னு. உடனே அவருக்கு எழுதறாங்க, போறாங்க, கால் பொருத்திக்கறாங்க, 1984ல் மேடையேறி மறுபடி ஆடறாங்க! சார், அந்த டாக்டருக்கு விருதே கொடுக்கலைன்னா, பத்திரிகையில செய்தி ஏது? அந்தப் பொண்ணுக்கு ஜெய்ப்பூருக்கு வழி யார் காட்டியிருப்பாங்க? வாங்கினவருக்கு அது பதக்கமா இருக்கட்டும். கால் இழந்தவளுக்கு அது விலாசம் சார், விலாசம்!

விருது வாங்கினா மனுஷன் கெட்டுப் போயிடறான்னு ஒரு தம்பி சொன்னார். சேத்தி அந்தக் காலுக்குக் காப்புரிமைகூட வாங்கலையே தம்பி! யார் வேணும்னாலும் செய்யட்டும்னு விட்டுட்டார்.

ஆனா ஒண்ணு. எங்க அணிக்கே கொஞ்சம் குத்தலா இருக்கிற விஷயத்தையும் நானே சொல்லிடறேன். அந்தக் காலைச் செஞ்சது டாக்டர் மட்டும் இல்லை. அதுக்கு முன்னால இருந்த வெளிநாட்டு மாடல் காலுக்கு ஷூ மாட்டியே ஆகணும். சம்மணம் போட முடியாது, குத்த வச்சு உட்கார முடியாது, வயல் சேத்துல இறங்க முடியாது. ஷூவோட கோயிலுக்குள்ள விடுவாங்களா? நம்ம ஊர் மனுஷனுக்கு அது கால் மாதிரி, ஆனா கால் இல்லை. வெறுங்காலா நடக்கற மாதிரி ரப்பர்ல ஒரு பாதம் செய்யலாம்னு 1960கள் கடைசியில உருவாக்கினதுல சேத்தியோட கூட நின்னவர் ராம் சந்திர சர்மா. மாஸ்டர்ஜின்னு கூப்பிடுவாங்க. பரம்பரைக் கைவினைஞர். பள்ளிக்கூடத்துல படிச்சது நாலாங்கிளாஸ். எலும்பைப் பத்தித் தெரிஞ்சவர் டாக்டர். ரப்பரும் மரமும் எப்படி வளையும்னு தெரிஞ்சவர் மாஸ்டர்ஜி. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு கால்! 1981ல் மகசேசே விருதுல ஒரு பேர். அதே வருஷம் பத்மஸ்ரீ, அதுலேயும் அதே ஒரு பேர்தான்.

இதைக் காட்டி எதிரணி, “பார்த்தீங்களா, விருதே அநியாயம்”னு குதிக்க வேண்டாம். பந்தியில ஒருத்தருக்குப் பாயசம் வரலைன்னா, இன்னொரு கரண்டி கொண்டு வாம்மான்னு சொல்லுவோமா, பாயசத்தையே கொட்டச் சொல்லுவோமா? (சிரிப்பு) செயற்கைக் கால் போட்டவங்க வீட்ல கேட்டுப் பாருங்க. ஆபரேஷன் செஞ்ச டாக்டர் பேர் சொல்லுவாங்க. தரையில உட்கார்ந்து தொடையை அளவெடுத்து, அச்சு வார்த்து, நாலு தடவை இழைச்சு மாட்டி விட்டவர் பேரு? தெரியாது.

நடுவர் மணியில கை வச்சுட்டார், தெரியுது. இன்னும் அரை நிமிஷம் சார். விருது கொடுக்கிற பெரியவங்களுக்கு எங்க அணி சார்பா ஒரு விண்ணப்பம். பட்டயத்துல டாக்டர் பேரைப் போடுங்க. அதுக்குக் கீழே காலைச் செஞ்சவர் பேரையும் போடுங்க. முதன்முதல்ல அதை மாட்டிக்கிட்டு ரெண்டு அடி நடந்து, “டாக்டர், இங்கே குத்துது”ன்னு சொன்னாரே ஒரு நோயாளி, அவர் பேரையும் போடுங்க. இடம் பத்தலைன்னா பட்டயத்தைக் கொஞ்சம் பெரிசாச் செய்யச் சொல்லுங்க சார்!

(பலத்த கைதட்டல்)