ஒரே மிஸ்டு கால், மூணு அர்த்தம்: சைக்ளிக் ஏஎம்பியும் காலராவும்

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர் ஒரே கேள்விய கேட்டிருந்தீங்க. அட்ரினலின் செல்லுக்குள்ள நுழையறதே இல்லைன்னா, உள்ள நடக்கிற வேலைய அது எப்படி மாத்துது?

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். மிஸ்டு கால் ஞாபகம் இருக்கா? டேட்டா மலிவாகறதுக்கு முன்னாடி அதுதான் நம்ம மெசேஜ். அந்த ரிங்குக்குள்ள ஒரு தகவலும் கிடையாது. அம்மாவுக்குப் போனா "பஸ் ஏறிட்டேன்"னு அர்த்தம், நண்பனுக்குப் போனா "கீழ நிக்கிறேன், இறங்கி வா". அர்த்தம் முழுக்க வாங்கறவங்க கையிலதான். இன்னிக்குப் பேசப்போற மூலக்கூறும் அப்படித்தான்.

1950கள்ல அமெரிக்காவுல, கிளீவ்லாந்துல, ஏர்ல் சதர்லாந்து கல்லீரல் செல்கள உடைச்சு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். அட்ரினலின் வந்தா கல்லீரல், சேமிச்சு வெச்ச கிளைகோஜன உடைச்சு சர்க்கரைய வெளிய விடும். உடைஞ்ச செல்லோட சவ்வுத் துண்டுகள எடுத்துட்டா அந்த வேலை நின்னுபோச்சு. அப்புறம் அந்தச் சவ்வுத் துண்டுகளோட மட்டும் அட்ரினலினக் கலந்து, கிடைச்ச திரவத்தக் கொதிக்க வெச்சார். ஆறினதும் மீதி செல் சாறுல ஊத்தினார். வேலை நடந்துச்சு! புரதமா இருந்தா கொதிக்கும்போது முட்டை மாதிரி வெந்து கெட்டியாகியிருக்கும். இது ஏதோ சின்ன, உறுதியான மூலக்கூறு. அதுதான் சைக்ளிக் ஏஎம்பி. செல்லோட எரிபொருளான ஏடிபியிலேர்ந்து ரெண்டு பாஸ்பேட் கழண்டுபோய், மிச்சமிருக்கிற ஒண்ணு வளைஞ்சு தன் சர்க்கரையிலேயே வளையமா மாட்டிக்கும். அவ்வளவுதான். அட்ரினலின் வாசல் வரைக்கும் வர்ற தூதர், சைக்ளிக் ஏஎம்பி உள்ள ஓடற ரெண்டாவது தூதர்.

1965ல அதே மூலக்கூறு ஈ. கோலை பாக்டீரியாவுலயும் கிடைச்சுது. ஹார்மோனே இல்லாத ஒத்தைச் செல்லுக்கு இது எதுக்கு? பசிக்கு. குளுக்கோஸ் தீர்ந்தா அங்க சைக்ளிக் ஏஎம்பி ஏறும். அது ஒரு புரதத்தோட சேர்ந்து டிஎன்ஏ மேல உட்கார்ந்து, லாக்டோஸ் மாதிரி வேற சர்க்கரைகள ஜீரணிக்கிற ஜீன்கள முடுக்கிவிடும். கல்லீரல்ல "சர்க்கரைய வெளிய விடு", பாக்டீரியாவுல "வேற சர்க்கரையத் தேடு".

மூணாவது இடம் நம்ம சிறுகுடல். அங்க சைக்ளிக் ஏஎம்பி ஏறினா குளோரைடு கேட் திறக்கும். குளோரைடு குடலுக்குள்ள இறங்கும், பின்னாடியே சோடியம், அதுக்குப் பின்னாடி தண்ணி. அளவோட நடந்தா குடல் ஈரமா இருக்கும், நல்லது.

வாந்தி பேதின்னு நம்ம தாத்தா பாட்டி பயந்த காலரா கைவைக்கிறது இங்கதான். சைக்ளிக் ஏஎம்பிய உண்டாக்கிற நொதிக்கு ஒரு சுவிட்ச் புரதம் இருக்கு. அது கொஞ்ச நேரத்துல தானே ஆஃப் ஆகிடும். காலரா நச்சு அந்தச் சுவிட்ச்ல ஒரு சின்ன வேதித் துண்ட ஒட்டிடும். அப்புறம் அது ஆஃப் ஆகவே ஆகாது. மெசேஜ் அதேதான், ஆனா ரிங் நிக்காம அடிச்சுக்கிட்டே இருக்கு. தீவிரமான கேஸ்ல மணிக்கு ஒரு லிட்டர் தண்ணிகூட வெளியேறும். ஆரோக்கியமா இருந்த ஆள் சில மணி நேரத்துல இறந்துபோக முடியும். இவ்வளவுக்கும் குடல் சுவர்ல ஒரு கீறல்கூட இருக்காது.

இப்படி ஒரு நச்சு இருக்குன்னு நிரூபிச்சவர் கல்கத்தாவுல வேலை பார்த்த சம்புநாத் டே. 1959ல அவர் வெளியிட்ட ஆய்வு ரொம்ப எளிமையானது: காலரா கிருமி வளர்ந்த திரவத்த வடிகட்டி, கிருமியே இல்லாம ஆக்கி, முயலோட குடல்ல கட்டி வெச்ச ஒரு பகுதிக்குள்ள செலுத்தினார். குடல் தண்ணி கோத்து உப்பிடுச்சு. ஜோஷுவா லெடர்பெர்க் அவர ஒருமுறைக்கு மேல நோபலுக்குப் பரிந்துரைச்சும் கிடைக்கல. அது எனக்கு இன்னும் உறுத்துது. சதர்லாந்துக்கு 1971ல கிடைச்சுது, அது நியாயம்தான்.

அதே 1971. வங்கதேசப் போர்ல லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள்ள வர்றாங்க. பன்கான்ல டாக்டர் திலீப் மஹலனாபிஸ் முகாம்ல காலரா, நரம்பு வழியா ஏத்தற சலைன் தீர்ந்துபோச்சு. அவர் ஒரு லிட்டர் தண்ணிக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடான்னு டிரம்ல கலந்து, "குடுங்க"ன்னு சொந்தக்காரங்க கையிலயே ஒப்படைச்சார். டாக்காவுலயும் கல்கத்தாவுலயும் முன்னாடியே சோதிச்ச விஷயம்தான், ஆனா இந்த அளவுல யாரும் துணியல. முகாம்ல 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, சுமார் 3.6 சதவீதமா இறங்குச்சு.

ஏன் வேலை செஞ்சுது? குடல் செல்லுல இன்னொரு கேட் இருக்கு. ஒரு குளுக்கோஸ் கூடவே சோடியத்தயும் உள்ள இழுக்கிற கேட். சைக்ளிக் ஏஎம்பி எவ்வளவு ஏறினாலும் அது மூடாது. வெறும் உப்புத் தண்ணி குடிச்சா பெருசா ஏறாது. சர்க்கரை சேர்ந்தா உப்பு உள்ள போகும், கூடவே தண்ணியும். அதனால ஓஆர்எஸ் பாக்கெட்ல சர்க்கரை ருசிக்காக இல்ல. கூடுதலா கொட்டவும் கூடாது, அதிகச் சர்க்கரை தண்ணிய திருப்பிக் குடலுக்குள்ள இழுக்கும்.

ஒண்ணு கவனிங்க, ஓஆர்எஸ் குடிச்சா பேதி உடனே நிக்காது. "குடிச்சும் நிக்கலையே"ன்னு பயந்து நிறுத்திடறவங்க இருக்காங்க, நிறுத்தக் கூடாது. சுவிட்ச் மாட்டிக்கிட்ட செல்கள் அப்படியேதான் இருக்கும். ஆனா குடல் தன் மேல் தோல சில நாளுக்கு ஒருமுறை உதிர்த்துப் புதுசா வளர்க்கும். அதுவரைக்கும் உடம்புல தண்ணி இருக்கணும், அதுக்குத்தான் அந்த டம்ளர். கிண்ணத்துல கொடுத்தாலும் இறங்கலன்னா, ஆள் துவண்டா, நேரா ஆஸ்பத்திரி.

அடுத்த வாரம் சைக்ளிக் டை-ஜிஎம்பி. 1987ல ஜெருசலேம்ல செல்லுலோஸ் பின்ற பாக்டீரியாவுல கண்டுபிடிச்சது. கஃபேல கொம்புச்சா குடிக்கிறீங்கல்ல, அந்த ஜாடியில மிதக்கிற வழவழ ஆடை? அத நெய்யறது அந்தக் குடும்பம்தான்.