பெயரைப் பாடுவதா, கோரிக்கையைப் பாடுவதா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பாட்டைப் பற்றி. சங்கக் கூட்டத்தில் பாட்டுக்கு என்ன வேலை என்று இங்கே யாரும் கேட்கமாட்டீர்கள். நம் பாட்டன் பாட்டிமார் மரத்தடியிலும் லயத்திலும் கங்காணியையும் துரையையும் வைத்துப் பாட்டுக் கட்டியவர்கள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்லி ஆற்றிக்கொண்டார்கள்.

ஆனால் இப்போது நம் கிளையில் ஒரு வாக்குவாதம் எழுந்திருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தில் பாடப்போகும் பாட்டில் ஓர் அரசியல் தலைவரைப் பெயர் சொல்லித் தாக்கலாமா என்பதே அது. தாக்கினால் என்ன தப்பு என்கிறார்கள் சிலர். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் நம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்களே என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆகவே, இதே கேள்வி பெரிதாக எழுந்த ஒரு நாட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் அம்மையார் 1979 முதல் 1990 வரை பிரதமராக இருந்தார். மூன்று பொதுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்றார். நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள் அவற்றைச் சொந்தமாக வாங்க 1980ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அதனால் தொழிலாளர் வீடுகளிலும் அவரை வாழ்த்தியவர்கள் உண்டு. அதே ஆட்சியில் வேலையில்லாதோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. தொழிற்சங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதனால் அவரைச் சபித்தவர்களும் உண்டு. அவரை வைத்துப் பிறந்த பாட்டுகள் ஏராளம்.

1980இல் பர்மிங்காம் நகரத்துத் 'தி பீட்' குழுவினர் 'ஸ்டாண்ட் டவுன் மார்கரெட்' என்று பாடினார்கள். பதவியை விட்டு இறங்கும்படி பெயர் சொல்லிக் கேட்ட பாட்டு அது. இளைஞர்கள் ஆடிப் பாடினார்கள். அம்மையாரோ அதன் பிறகும் பத்து ஆண்டுகள் பதவியில் இருந்தார்.

1982இல் போக்லாந்து தீவுப் போர் மூண்டது. அப்போது எல்விஸ் காஸ்டெல்லோவும் கிளைவ் லாங்கரும் எழுதி, ராபர்ட் வையட் பாடிய பாட்டு 'ஷிப்பில்டிங்'. கப்பல் கட்டும் ஊரில் வேலை இல்லை. போர் வந்தால் கப்பல் வேலை வரும், வீட்டில் காசு புழங்கும். ஆனால் அந்தப் போருக்குப் போய்ச் சாகப்போவது அதே ஊர்ப் பிள்ளைகள். இதுதான் பாட்டின் பொருள். இதில் தலைவர் பெயரே இல்லை. ஆயினும் கேட்ட தொழிலாளிக்குத் தன் சங்கடம் விளங்கிற்று. அதே காஸ்டெல்லோ 1989இல் 'ட்ராம்ப் த டர்ட் டவுன்' என்று ஒரு பாட்டு வெளியிட்டார். அம்மையார் இறக்கும்வரை தான் உயிரோடிருந்து அவர் புதைகுழியை மிதிக்க வேண்டும் என்று அதில் ஆத்திரம் தீரப் பாடினார். இரண்டும் ஒரே பேனாவில் வந்தவை. முன்னது நம்மைச் சிந்திக்கச் சொல்கிறது. பின்னது நம் பல்லைக் கடிக்கச் சொல்கிறது. எது நமக்கு உதவும் என்று எண்ணிப் பாருங்கள்.

தோழர்களே, 1984 மார்ச்சில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தம் தொடங்கியது. 20 சுரங்கங்களை மூடி, 20,000 பேர் வேலையைக் குறைக்கப் போவதாக நிலக்கரி வாரியம் அறிவித்ததே காரணம். ஓராண்டு காலம் போராடினார்கள். அந்த ஓராண்டும் பொதுச் சமையல் கூடம் வைத்துச் சோறு போட்டவர்கள் சுரங்க ஊர்ப் பெண்கள். அப்போது பாடகர்கள் செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. பில்லி பிராக் என்பவர் 1985இல் வெளியிட்ட 'பிட்வீன் த வார்ஸ்' இசைத்தட்டின் வருமானத்தைத் தொழிலாளர் நிதிக்குக் கொடுத்தார். தெற்கு வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் பாடற்குழுவும் மேடை ஏறிப் பாடியது. பாட்டால் உலை கொதிக்குமா என்று கேட்பார்கள். இப்படிப்பட்ட பாட்டால் கொதிக்கும்.

ஆயினும் அந்தப் போராட்டம் 1985 மார்ச்சில் தோல்வியில் முடிந்தது. நாடு முழுதும் வாக்கெடுப்பு நடத்தவில்லை என்பதைக் காரணம் காட்டி, நாட்டிங்காம்ஷயர் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிளவுபட்ட படைக்கு எந்தப் பாட்டும் பலம் தர முடியவில்லை.

அம்மையாரைப் பதவியிலிருந்து இறக்கியதும் பாட்டல்ல. தலைவரி என்று ஒரு வரி போட்டார். 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது அமலுக்கு வந்தது. லட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தார்கள். அவருடைய சொந்தக் கட்சியினரே நம்பிக்கை இழந்தார்கள். 1990 நவம்பரில் அவர் விலகினார்.

2013 ஏப்ரல் 8ஆம் நாள் அவர் காலமானார். அந்த வாரம் நடந்ததை நாம் கவனிக்க வேண்டும். 1939ஆம் ஆண்டுப் படமொன்றில் சூனியக்காரி செத்துப்போனதைக் கொண்டாடும் பழைய பாட்டை எதிர்ப்பாளர்கள் வாங்கிக் குவித்து, விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்துக்கு ஏற்றினார்கள். பி.பி.சி. அதை முழுதாக ஒலிபரப்பாமல் சில விநாடிகள் மட்டும் போட்டது. ஆதரவாளர்கள் சும்மா இருப்பார்களா? பர்ன்லி நகர இளைஞர்கள் 1979இல் கேலியாகப் பாடிய 'நான் மார்கரெட் தாட்சரைக் காதலிக்கிறேன்' என்ற பொருள்படும் பாட்டை வாங்கி, 35ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கேலிப் பாட்டு வாழ்த்துப் பாட்டாயிற்று! பெயரை மட்டும் நம்பிக் கட்டிய பாட்டு யார் கைக்கும் போகும்.

அந்த ஆரவாரத்தில் மூடிய சுரங்கம் ஒன்றாவது திறந்ததா? இல்லை. அவர் போன பிறகும் மூடுவது நிற்கவில்லை. நாட்டின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. ஆள் போகலாம், கொள்கை போகாது. தோட்டத்திலும் இதைக் கண்டிருக்கிறோம். ஒரு மேனேஜர் மாற்றலாகிப் போகிறார், வேறொருவர் வருகிறார். செக்ரோலில் கணக்கு எழுதும் கிராணிமாரைக் கேளுங்கள், எந்த மேனேஜர் வந்ததால் சம்பள விகிதம் தானாக உயர்ந்தது என்று.

ஒரு நல்ல உதாரணத்தையும் சொல்ல வேண்டும். சுரங்க வேலை நிறுத்தக் காலத்தை வைத்து எழுந்த 'பில்லி எலியட்' என்னும் இசை நாடகத்தில், அம்மையாரின் சாவை எதிர்நோக்கிப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அவர் காலமான அன்று இரவு லண்டன் அரங்கில் அதைப் பாடலாமா என்று பார்க்க வந்தவர்களிடமே வாக்கெடுத்தார்கள். பெரும்பாலோர் பாடச் சொன்னார்கள், பாடினார்கள். யாரும் யாருடைய வாயையும் அடைக்கவில்லை. யாரும் யார்மீதும் திணிக்கவுமில்லை.

ஆகவே நம் கிளைக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். ஒன்று: பாட்டில் முதலில் நம் கோரிக்கை இருக்கட்டும். கூலி, வீடு, தண்ணீர், பிள்ளைகளின் படிப்பு, இவை எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் உள்ள கவலை. இரண்டு: பாட்டு நிகழ்ச்சியில் உண்டியல் வைப்போம், வேலை இழந்த குடும்பத்துக்கு அது போய்ச் சேரட்டும். மூன்று: ஒரு தலைவரின் பெயரைச் சேர்த்தே தீரவேண்டும் என்றால், பாட்டை முன்கூட்டியே படித்துக் காட்டி, கை தூக்கி முடிவு செய்வோம். தோற்ற பக்கமும் நம் பக்கமே என்பதை மறவாமல் இருப்போம்.

பயந்து வாயை மூடச் சொல்லவில்லை, தோழர்களே. உரக்கப் பாடுவோம். ஆனால் பாடி முடித்ததும் பக்கத்தில் நிற்பவன் நம்மோடு நிற்க வேண்டும். அவன் எழுந்து போய்விடக் கூடாது. அப்படிப்பட்ட பாட்டைக் கட்டுவோம்.