மணிக்கட்டிலிருந்து இதயம் வரை



மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் நம்மவருள் பலர், வழியில் ரேணிகுண்டாவில் இறங்கித் திருமலையைத் தரிசித்த பின்னரே ஊர் செல்வது வழக்கம். அலிபிரியிலிருந்து நடந்து ஏறினால் ஏறத்தாழ 3,550 படிகள். ஐம்பதைக் கடந்தவர்கள் இடையில் மூச்சிரைக்க நின்று, நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயுத் தொல்லைதான்" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வதை அப்படிகளில் நாம் கண்டிருக்கிறோம். அவர்களுள் சிலருக்கு அது வாயு அன்று. மலைக்குக் கீழே திருப்பதி நகரில், தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993இல் பணி தொடங்கி 1995இல் பல்கலைக்கழக நிலை பெற்ற ஸ்ரீ வேங்கடேஸ்வர மருத்துவ அறிவியல் கழகம் இருக்கின்றது. இதயவியலில் உயர் பட்டப் படிப்பும் அங்கே உண்டு. இத்தகைய இடங்களில் இதயத்தைத் தொடும் கை எவ்வாறு பழக்கப்படுகின்றது என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நெஞ்சைப் பிளக்காமல், மணிக்கட்டு நாடியிலோ தொடை நாடியிலோ மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே இதய இரத்தக் குழாயின் அடைப்பை நீக்கும் துறையை 'இன்டர்வென்ஷனல் கார்டியாலஜி' என்பர். தமிழில் 'இடையீட்டு இதயவியல்' என்று எழுதுகின்றோம். சொற்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் முழு நிறைவு இல்லை. இடையீடு என்றதும் தடங்கல் என்ற நினைப்பே முந்தி வருகின்றது. வேறு நல்ல சொல் கிடைக்கும் வரை இதுவே இருக்கட்டும்.

1929இல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் மருத்துவர், தம் கை நரம்பின் வழியே தாமே ஒரு குழாயைச் செலுத்தி, அது இதயத்தை எட்டியதை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். அதற்கான நோபல் பரிசு அவருக்கு 1956இல்தான் கிடைத்தது. 1977 செப்டம்பரில் ஜூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயக் குழாய் அடைப்பைச் சிறு பலூனால் விரித்துக் காட்டினார். பின்னர் அவர் அமெரிக்காவில் அட்லாண்டாவுக்குக் குடியேறினார். அங்கே அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் இந்தியாவில் முதன்முதலாக அச்சிகிச்சையைச் செய்தார். களரிக்கல் 2025இல் சென்னையில் காலமானார். அவர் நெடுங்காலம் பணிபுரிந்த அப்போலோ மருத்துவமனையை 1983இல் சென்னையில் நிறுவிய பிரதாப் ரெட்டிக்குச் சொந்த ஊர், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா. ஓர் ஆசிரியரின் கையிலிருந்து மாணவரின் கைக்கு நேரே வந்த வித்தை இது. நூலைப் படித்து மட்டும் இதைக் கற்றவர் எவரும் இலர்.

இதைக் கற்க ஆகும் காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, இதயவியலில் டி.எம். மூன்று ஆண்டு. நுழைவுத் தேர்வுகளுக்குக் காத்திருக்கும் காலம் தனி. முப்பது வயதை எட்டிய அம்மருத்துவர் சாதாரண அடைப்பில் ஸ்டென்ட் வைக்க அறிந்தவரே. அதற்கு மேலும் ஃபெலோஷிப் என்று ஓராண்டோ ஈராண்டோ எதற்கு? இதயத்தின் இடப்புறத் தலைக்குழாய், குழாய் இரண்டாகக் கிளைக்கும் இடம், சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிட்ட குழாய், மாதக்கணக்கில் முற்றும் அடைபட்டுக் கிடக்கும் குழாய் ஆகியவை எளிதில் வசப்படுவன அல்ல. உள்ளே செல்லும் கம்பியின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுதி. திரையில் தெரிவதோ நிழல். கம்பியின் முனை அடைப்பை ஊடுருவுகின்றதா, குழாயின் சுவரைக் கிழிக்கின்றதா என்பதைத் திரை சொல்லுமுன் விரல் உணர வேண்டும். ஈயக் கவசத்தைச் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நின்று பழகினால்தான் அவ்வுணர்வு கைவரும். ஆதலின் அமெரிக்காவில் இப்பயிற்சி ஆண்டில் 250 சிகிச்சைகளேனும் செய்திருக்க வேண்டும் என்று விதித்துள்ளனர்.

எண்ணிக்கை இன்றியமையாததே. ஆயின் எண்ணிக்கையை மட்டும் போற்றுவது ஆபத்து என்பது நம் கருத்து. இந்த அடைப்பைத் தொடாமல் மருந்தோடு விட்டுவிடலாம், இவருக்கு அறுவைச் சிகிச்சையே ஏற்றது என்று கம்பியைக் கீழே வைக்கக் கற்பதும் பயிற்சியே. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இனி ஒரு கேள்வி. பயிலும் கை யாருடைய இதயத்தில் பயில்கின்றது? பெரும்பாலும் ஏழையின் இதயத்தில். ஆந்திரத்தில் 2007இல் ஆரோக்கியஸ்ரீ திட்டம் தொடங்கிய பின், முன்னர் இச்சிகிச்சையை நினைத்தும் பாராத உழவரும் கூலியாட்களும் மருத்துவமனைக்கு வருகின்றனர். அவர்களால் பயிற்சி வளர்கின்றது. பயிற்சியால் அவர்களும் பிழைக்கின்றனர். இந்தக் கொடுக்கல் வாங்கல் நேர்மையாக நடக்க வேண்டுமானால், ஆசிரியர் மாணவருடன் மேசையருகே நிற்க வேண்டும். அடுத்த அறையில் இருந்தால் போதாது. செய்யப்போவது யார், நேரக்கூடிய தீங்கு யாது என்பதை நோயாளிக்கு அவர் மொழியிலேயே சொல்லவும் வேண்டும்.

அவர் மொழி எது? சித்தூர் 1911இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் வட ஆர்க்காட்டின் தலைநகரே அவ்வூர். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திரத்தில் நின்றன. சத்தியவேடு ஆந்திரத்தோடு சேர்ந்தது. அங்கெல்லாம் இன்றும் தமிழ் பேசுவோர் ஏராளம். "நெஞ்சைப் பிசையுது", "கரிக்குது" என்று ஒரு மூதாட்டி சொல்ல, வடக்கிலிருந்து பயில வந்த மருத்துவர் அதை அஜீரணம் என்று குறித்துக்கொண்டால், விரலில் எத்தனை நுட்பம் இருந்தும் என்ன பயன்? பயிலும் ஆண்டிலேயே அவ்வட்டாரத்துப் பேச்சில் நூறு சொற்களையேனும் கற்பிப்பது வீண் செலவாகாது. அயல் மாநிலத்தில் மருத்துவரிடம் நோவைச் சொல்லச் சொல் கிடைக்காமல் திகைத்த அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டல்லவா?

மாரடைப்பில் காலமே உயிர். மருத்துவமனையை அடைந்த 90 நிமிடங்களுக்குள் குழாய் திறக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் கொள்ளும் இலக்கு. பலமனேருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் அது எளிதன்று. தமிழ்நாட்டில் இதற்கொரு வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. சிறிய மருத்துவமனையிலேயே இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, பின்னர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிக் குழாயை ஆராயும் அம்முறையின் முடிவுகள் 2017இல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 பேராக இருந்தது 14.2 ஆகக் குறைந்தது. ஊசியை உள்ளூர் மருத்துவர் போடலாம். அடுத்த 24 மணி நேரத்துக்குள் கம்பியைப் பிடிக்க, பயின்ற கை ஒன்று வேண்டும். பலமனேர்க்காரர் கிழக்கே சித்தூருக்கு வந்து, தெற்கே வேலூருக்கோ வடக்கே திருப்பதிக்கோ திரும்புவார். அங்கே பயின்றவர்கள் பயிற்சி முடிந்ததும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் புறப்படாமல் இருக்க வீடு, ஊதியம், பிள்ளைகளுக்குப் பள்ளி ஆகியவற்றுக்கு என்ன ஏற்பாடு என்பதை இடங்களை ஒதுக்கும்போதே அரசு தீர்மானிக்க வேண்டும்.