மறுத்த இடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாமா?

(மைசூர் மண்டி மொஹல்லாவில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

'வலிய வந்த ஸ்ரீதேவியைக் காலால் உதைக்காதே' என்று நம் இல்லங்களில் சொல்வதுண்டு. சென்ற வருஷம் சட்டப் படிப்பில் கிடைத்த இடத்தை வேண்டாமென்று விட்டு பி.எஸ்ஸி.யில் சேர்ந்த ஒரு பெண், இப்போது மறுபடி சட்டத்துக்கே விண்ணப்பிக்க விரும்புகிறாள். உறவினர்கள் இந்தப் பழமொழியைச் சொல்லியே அவளை வாயடைக்கச் செய்துவிட்டார்கள். அவள் தாயார் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். பல ஊர்களில் உள்ள நம் அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வி: மறுத்தது ஒரு கரும்புள்ளியாக நிற்குமா? நிற்காது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' தேர்வில் பெறும் ரேங்க் அந்த ஒரு வருஷச் சேர்க்கைக்கு மட்டுமே. பழைய ரேங்க் உதவவும் உதவாது, உபத்திரவமும் செய்யாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அண்மை வருஷங்களில் தேர்வு டிசம்பரிலேயே நடக்கிறது. 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. நாம் இருக்கும் இந்த இடத்துக்குப் பெயரே மண்டி. விலை படியாமல் மூட்டையோடு திரும்பிப் போன வியாபாரி மறுநாள் வந்தால் யாரும் பழையதைக் கிளறுவதில்லை. அன்றைய விலைதான் பேச்சு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பல, 'முன்பு இங்கே விண்ணப்பித்தீர்களா?' என்று கேட்கும். அங்கே மறைக்காமல் ஆம் என்று எழுதி, இப்போது என்ன மாறியது என்று இரண்டு வரியில் சொல்வதே சரி.

இரண்டாவது கேள்வி: ஒரு வருஷம் வீணா? கணக்குப் போட்டுப் பாருங்கள். பி.எஸ்ஸி.யை முதல் வருஷத்தோடு விட்டு ஐந்து வருஷச் சட்டப் படிப்பில் சேர்ந்தால் ஒன்றும் ஐந்தும் ஆறு. பி.எஸ்ஸி.யை முடித்து மூன்று வருஷ எல்எல்.பி. படித்தால் மூன்றும் மூன்றும் அதே ஆறு! பி.இ. என்றால் நான்கும் மூன்றும் ஏழு. ஆகவே பி.எஸ்ஸி. மாணவிக்கு அவசரமே இல்லை. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியும் 2022 முதல் மூன்று வருஷப் படிப்பைத் தனி நுழைவுத் தேர்வு வைத்து நடத்துகிறது. இன்னொரு லாபமும் உண்டு. 1970ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி பேடண்ட் ஏஜெண்ட் ஆக விஞ்ஞானம் அல்லது பொறியியல் பட்டம் அவசியம். வெறும் சட்டப் பட்டம் மட்டும் போதாது. ஆனால் பார் கவுன்சில் விதிப்படி, சட்டத்தோடு இன்னொரு முழுநேரப் பட்டத்தைச் சேர்த்துப் படிக்க முடியாது. ஒன்றை முடிக்க வேண்டும் அல்லது முறைப்படி விலகி, டி.சி.யைக் கையில் வாங்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வயது. பார் கவுன்சிலின் 2008ம் வருஷத்து விதிகள் பொதுப் பிரிவினருக்கு ஐந்து வருஷப் படிப்புக்கு 20, மூன்று வருஷப் படிப்புக்கு 30 என்று உச்சவரம்பு வைத்தன. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்புக்குத் தடை விதித்தது. கிளாட் எழுத இப்போது வயது உச்சவரம்பு இல்லை. 45 வயதைத் தாண்டியவரை வக்கீலாகப் பதிவு செய்யக்கூடாது என்ற விதியையும் உச்ச நீதிமன்றம் 1995லேயே ரத்து செய்தது. இந்த மைசூரின் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்த சர் கே. சேஷாத்ரி ஐயர், சமஸ்தான உத்தியோகம் பார்த்துக்கொண்டே 1874ல் பி.எல். தேறியவர்.

மறுத்தபின் மனம் மாறுவது நமக்குப் புதிதுமல்ல. 1913ல் கேம்பிரிட்ஜ் அழைத்தபோது கணித மேதை ராமானுஜன் வர இயலாது என்றார். கடல் கடப்பது அன்று ஆசாரக் குறைவு. ஹார்டி அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. 1914ல் நெவில் சென்னைக்கு வந்து பேசினார், தாயாரும் சம்மதித்தார். மார்ச் 17ல் கப்பல் ஏறியவர் 1918ல் ராயல் சொஸைட்டியின் ஃபெல்லோ ஆனார். முதல் மறுப்புக்கு அன்று ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் நீங்கியதும் பதிலும் மாறியது.

இதையே நம் குழந்தைகளிடமும் கேட்க வேண்டும். அன்று ஏன் மறுத்தாய்? பணமா, தூரமா, ஹாஸ்டல் பயமா, அல்லது நாங்கள் வற்புறுத்தியதாலா? அந்தக் காரணம் இன்று தீர்ந்ததா? தீராவிட்டால் மறுபடியும் இடம் கிடைக்கும், மறுபடியும் விட நேரிடும். கவுன்சலிங்கில் கட்டிய பணமும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். தீர்ந்திருந்தால் தயங்காமல் விண்ணப்பிக்கட்டும். தூரம்தான் தடை என்றால், மைசூரிலேயே சாரதா விலாஸ், ஜே.எஸ்.எஸ். போன்ற சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழமொழி சொல்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். கேட்டபின் நீங்கள் என்ன சொன்னாலும் குழந்தை காது கொடுத்துக் கேட்கும்.