ஊரார் வளர்த்த உயர்நிலைப் பள்ளி



மாங்காடு என்ற பெயரைக் கேட்டதும் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது காமாட்சியம்மன் கோயிலாகத்தான் இருக்கும். அம்பிகை ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்த தலம் அது என்பது புராணம். அங்கிருந்து சற்றுத் தூரம் நடந்தால் சேக்கிழார் பிறந்த குன்றத்தூர். மேற்கே சென்றால் இராமாநுசர் தோன்றிய திருப்பெரும்புதூர். கல்வியிலும் ஞானத்திலும் இத்துணைப் பெருமை வாய்ந்த வட்டாரத்தில், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், ஓர் ஏழைக் குடியானவரின் மகன் ஐந்தாம் வகுப்புக்கு மேலே படிப்பது அரிய செய்தியாக இருந்தது. மகள் படிப்பது அதனினும் அரியது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. 2011இல் அது நூற்றுக்கு எண்பது ஆயிற்று. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நடந்தது என்ன? அதற்கு விடை தேடிச் செல்பவர் மாங்காடு, பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்து அரசினர் உயர்நிலைப் பள்ளிகளின் வாயிலில் வந்து நின்றாக வேண்டும். அந்த வாயிலைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

உயர்நிலைப் பள்ளி என்பது நம் முன்னோர்க்கு எட்டாத பொருளாய் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளியிறுதித் தேர்வு வந்தது. முதற் பாரம் தொடங்கி ஆறாம் பாரம் வரை ஏறி அத்தேர்வில் தேறினவர், ஊரில் கடிதம் படித்துச் சொல்லவும் மனு எழுதிக் கொடுக்கவும் தேடப்படும் பெரிய மனிதர் ஆகிவிடுவார். பள்ளிகளோ பெரும்பாலும் நகரங்களில் இருந்தன. சிற்றூர்ப் பிள்ளைக்கு வாய்த்தவை, எங்கோ ஒன்றாகத் தென்பட்ட ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளியும், மதச் சங்கங்களும் கொடையாளரும் நடத்திய சில பள்ளிகளுமே. அங்கும் மாதந்தோறும் சம்பளம் கட்ட வேண்டும். சம்பளம் என்றால் ஆசிரியர் வாங்கும் ஊதியம் என்று இன்றைய மாணவர் எண்ணக்கூடும். மாணவர் கட்டும் பணத்துக்கும் அக்காலத்தில் அதுவே பெயர். அதைக் கட்ட இயலாமல் நான்காம் பாரத்தோடு நின்றவர்கள் நம் பாட்டனார் தலைமுறையில் எத்தனையோ பேர்.

ஆகவே தூரம், சம்பளம், பசி என்ற மூன்று பூட்டுகள் அந்த வாயிலில் தொங்கின. நான்காவது ஒன்றும் உண்டு. சேரிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்வதைப் பொறாத மனமே அது. இந்த நான்காவது பூட்டைத் திறக்கத் திட்டம் எதுவும் தனியே வகுக்க முடியாது. எல்லாரையும் ஒரே அறையில் ஒரே வரிசையில் உட்கார வைத்த பொதுப் பள்ளிதான் நாள்தோறும் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியது. முற்றும் திறந்துவிட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வகுப்பைச் சுற்றிப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்.

1954இல் காமராசர் முதலமைச்சரானார். அதே ஆண்டில் பொதுக்கல்வி இயக்குநராகப் பொறுப்பேற்றவர் நெ. து. சுந்தரவடிவேலு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர். ஆகவே இவ்வட்டாரத்தின் புழுதியும் வெயிலும் அவருக்கு நன்கு பழக்கமானவை. ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அக்காலத்தில் கொண்ட குறிக்கோள். ஐந்து மைல் என்பது கால்நடையாய் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் தூரம். போகவர மூன்று மணி நேரத்துக்கு மேல். இன்று இதைக் கொடுமை என்பீர்கள். அன்று அது ஒரு கொடையாகத் தோன்றியது.

பள்ளி வகுத்தாயிற்று, கட்டடம் எங்கே, பலகை எங்கே, கரும்பலகை எங்கே? அரசின் கருவூலத்தில் அத்துணைப் பணம் இல்லை. இந்த இக்கட்டில்தான் நம் மேற்கு வட்டாரத்துக்கே உரிய ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஆவடியிலிருந்து அரக்கோணம் செல்லும் இரயில் பாதையில், திருவள்ளூரைத் தாண்டியதும் கடம்பத்தூர் என்னும் சிற்றூர் உண்டு. 1958இல் அங்கே கூடியதுதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய இயக்கத்துக்கு அதுவே முதல் வித்து.

அம்மாநாடு நடந்த முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் மேடையில் பேசிக் கலைந்த கூட்டமாக அது அமையவில்லை. ஆசிரியரும் கல்வி அதிகாரிகளும் முதலில் ஊர் ஊராகச் சென்று, ஒவ்வொரு பள்ளிக்கும் எவை தேவை என்று பட்டியல் எழுதினர். கூரை ஒழுகுகிறதா, வேலி இல்லையா, கிணறு வெட்ட வேண்டுமா, சுவர்க் கடிகாரம் உண்டா, தேசப்படம் உண்டா என்று சிறியதும் பெரியதுமாய் அனைத்தையும் குறித்தனர். பின் அப்பட்டியலை ஊராரிடமே வைத்தனர். நிலம் உள்ளவர் நிலம் தந்தார். மரம் உள்ளவர் மரம் தந்தார். தச்சர் பலகை செய்து தந்தார். ஒன்றும் இல்லாதவர் தம் உடலுழைப்பைத் தந்தார். கொடுத்ததையும் கொடுக்கப்போவதையும் ஊரறியச் சொல்லும் நாளே மாநாட்டு நாள். ஒருவர் தந்ததைக் கண்டு மற்றவர்க்கு நாணம் வந்திருக்கும். அந்த நாணமும் நற்பயனே விளைத்தது!

இதில் குறை காணாமல் விட்டுவிடவும் நான் விரும்பவில்லை. வளமுள்ள ஊர் நிறையக் கொடுத்தது. வறிய ஊர் குறையவே கொடுத்தது. மிகத் தேவையுள்ள பள்ளிக்கு மிகக் குறைவாய்ச் சேர்வது இத்தகைய முறையின் இயல்பான பலவீனம். ஆனால் வேறொன்று விளைந்தது. தம் கையால் வேலி கட்டிய பள்ளியை எவரும் ‘சர்க்கார் பள்ளி’ என்று ஒதுக்கிப் பேசுவதில்லை. ‘எங்கள் பள்ளி’ என்றே சொல்வார்கள்.

உணவிலும் இக்கூட்டுறவே கைகொடுத்தது. பள்ளியில் சோறு போடுவது 1920இலேயே, தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை நகரசபையால், ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கப்பட்டது. அதை மாநிலத்துக்கே உரியதாக்கியவர் காமராசர். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசினுடையது, நான்கு காசு ஊராருடையது. ஆனால் இச்சோறு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கே கிட்டியது. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்பில் நுழைந்த நாள் முதல் அப்பிள்ளை பசியோடு உட்கார வேண்டியதுதான். பசி வயதறிந்து போகுமா? 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1984இல் அது பதினைந்து வயது வரை நீண்டது. அப்பொழுதுதான் உயர்நிலைப் பள்ளி மாணவன் தட்டேந்தி வரிசையில் நின்றான். முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றை எழுதுபவர்கள் இந்த இடைவெளியை மறந்துவிடுகிறார்கள்.

சம்பளப் பூட்டு அதற்கு முன்னரே திறந்தது. 1960 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கும், 1964இல் எல்லார்க்கும் பள்ளியிறுதி வகுப்பு வரை கல்வி இலவசமாயிற்று.

வாயில் திறந்த அதே காலத்தில், திறந்த வாயிலுக்கு அப்பால் வேலையும் காத்திருந்தது. இது நம் வட்டாரத்தின் தனிப்பேறு. அம்பத்தூரில் முன்னரே மிதிவண்டித் தொழிற்சாலை இயங்கியது. பெரம்பூரில் 1955இல் இரயில் பெட்டித் தொழிற்சாலை எழுந்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டு, 1965இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் இருந்தால் தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம். பயிற்சி முடித்தால் ஆலையில் வேலை. ஏர் பிடித்தவரின் மகன் கடைசல் இயந்திரம் இயக்கினான். தொழிலாளர் குடியேறினர், குடியேறியவர்தம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். சில நூறு பேர்க்கென எழுந்த பள்ளிகளில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். வேப்பமரத்து நிழலும் வகுப்பறையாயிற்று. மழை வந்தால் விடுமுறை!

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. பதினோராண்டுப் பள்ளிப் படிப்பு பத்தாகச் சுருங்கி, அதன்மேல் ‘பிளஸ் டூ’ என்னும் ஈராண்டு ஏறியது. அதுகாறும் கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பு ஊர்ப் பள்ளிக்கு இறங்கி வந்தது எனலாம். இதனால் பெரிதும் பயனடைந்தவர் பெண்களே என்பது என் கருத்து. கல்லூரிக்கு இரயிலேற்றி அனுப்பத் தயங்கிய பெற்றோரும், அடுத்த தெருப் பள்ளிக்கு இன்னும் இரண்டு ஆண்டு அனுப்பத் தயங்கவில்லை. பின்னாளில் அரசு மிதிவண்டியும் கொடுத்தது; 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்குத் தொடங்கி, 2005இல் மாணவர் மாணவியர் அனைவர்க்கும் அது விரிந்தது.

இனி, சாதனை என்று எதைச் சொல்வது? நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் தொடங்கிய கே. சிவன் 2018இல் இந்திய விண்வெளி நிறுவனத்தின் தலைவரானார். செங்கோட்டை அரசு மகளிர் பள்ளியில் படித்த நிகர் ஷாஜி, 2023இல் கதிரவனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா விண்கலத் திட்டத்தை இயக்கினார். இப்பெயர்களைப் பள்ளி ஆண்டு விழாக்களில் கேட்டிருப்பீர்கள். கேட்க வேண்டியவையே. ஆயினும் ஆயிரம் பேரில் ஒருவர் விண்ணைத் தொட்டதைக் கொண்டு பள்ளியை அளப்பது, ஏரியை அதில் பூத்த ஒரு தாமரையைக் கொண்டு அளப்பது போலாகும். எத்தனை ஏக்கர் பாய்ந்தது என்பதே ஏரியின் அளவு. 2021-22ஆம் ஆண்டின் அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், பதினெட்டு முதல் இருபத்து மூன்று வயதினரை வைத்துக் கணித்த உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்தியாவில் நூற்றுக்கு 28, தமிழ்நாட்டில் 47. இந்தப் பாய்ச்சலின் வாய்க்கால்கள் பெரும்பாலும் அரசுப் பள்ளி வாயில்களின் வழியே வருகின்றன.

பள்ளி அலுவலகத்தில் மாணவர் சேர்க்கைப் பதிவேடு என்று ஒரு தடித்த புத்தகம் உண்டு. இவ்வட்டாரத்துப் பழைய பள்ளி ஒன்றில் அதனைப் புரட்ட வாய்த்தால், தந்தையின் தொழில் என்னும் பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். பயிர்த்தொழில், நெசவு, வண்டியோட்டம் என்று தொடங்கும். பின் ஆலைத் தொழிலாளி, பேருந்து நடத்துநர் என வரும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு ஒப்பந்தத் தொழிலாளி என்ற சொல் எட்டிப் பார்க்கும். கடைசிப் பக்கங்களில் பீகாரிலும் ஒடிசாவிலும் பிறந்த பிள்ளைகளின் பெயர்கள் தமிழ் எழுத்தில் இருக்கும். எந்த நுழைவுத் தேர்வும் வைக்காமல், எந்த நன்கொடையும் கேளாமல் அத்தனை பேரையும் ஏற்றுக்கொண்ட புத்தகம் அது.

ஆயினும் அப்பத்தியில் குறைந்துகொண்டு வருபவர்களும் உண்டு. பள்ளியால் உயர்ந்தவர்கள் தம் பிள்ளைகளை அங்கே அனுப்புவதில்லை. ஆறாம் பாரம் படித்தவரின் பேரன் ஆங்கிலவழித் தனியார் பள்ளியின் மஞ்சள் பேருந்தில் ஏறுகிறான். பெற்றோரை நான் குறை கூறேன். பிள்ளைக்கு எது நலம் என்று அவர்கள் கருதுகிறார்களோ அதைச் செய்கிறார்கள். ஆனால் குரல் கொடுக்க வல்லவர் வெளியேறிய பள்ளிக்குக் கேட்பார் இல்லாமல் போகிறது. கூரை ஒழுகினால் மனு எழுத அன்று ஒருவர் இருந்தார். இன்று அவர் வேறு பள்ளியின் கட்டண ரசீதைக் கையில் வைத்திருக்கிறார்.

கடம்பத்தூரின் முறை முற்றும் மறைந்துவிடவில்லை. ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டு, முன்னாள் மாணவரும் பொதுமக்களும் பள்ளிக்கு உதவ வழி செய்தது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமோ பணம் கேட்பதோடு நிற்கவில்லை; பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1958இல் ஊரார் பட்டியலைக் கேட்டுக்கொண்டு பொருள் தந்தனர். இப்பொழுது பட்டியலை எழுதும் உரிமையே தாய்மாரிடம் வந்திருக்கிறது. வீட்டு வேலைக்குப் போய்வரும் ஒரு தாய், குழுக் கூட்டத்தில் எழுந்து, பெண் பிள்ளைகளின் கழிவறைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கலாம். தலைமையாசிரியர் பதிலைக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். உங்கள் பள்ளியில் அடுத்த கூட்டம் என்றைக்கு என்று நாளைக் காலையில் விசாரித்து, வீட்டில் சொல்லுங்கள்.